மாப்பிள்ளை, உன் மிளகாயில் பேன் ஏறிய பங்குனி

அன்பு மாப்பிள்ளை வேலாயுதத்துக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. உன்மேல் எனக்கு இருக்கும் பொறாமை மட்டும் போகவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன், நீ மூன்றாவது. ஆனாலும் நைனார்பாளையத்தில் மிளகாய் இலை சுருண்டால், வேலாயுதம் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். கள்ளக்குறிச்சிப் பூச்சிமருந்துக் கடைக்காரர் என்னைக் கேட்டுத்தான் புது மருந்தே இறக்குவார். அது ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை.

இங்கே சேதி, இடஒதுக்கீடு கேட்டு மறியல். மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். எந்த மரம் எந்தப் பக்கம் விழும் என்று சொன்னதே நான்தான், நம்பு. பஸ் ஓடவில்லை, மருந்தும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் பங்குனி வெயில் காய்ந்தது. உன் அரை ஏக்கரில் கொழுந்தெல்லாம் மேல்நோக்கிக் கிண்ணம்போல் சுருண்டுவிட்டது. நீ விட்டுப்போன என் தங்கச்சிக்கு இந்த வருஷம் அந்த வெள்ளாமைதான் சோறு.

ஊரிலேயே என்னிடம்தான் ஒரு பாட்டில் மருந்து இருந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உன்னை ஜெயிக்க இதைவிட நல்ல நாள் வாய்க்குமா?

நேராகத் தெளித்திருக்கலாம். இந்தப் பாழாய்ப்போன கை, உன்னைப்போலவே வெள்ளைத் துண்டை விரித்து, ஒரு கொழுந்தைத் தட்டியது. மஞ்சள் தூசு மாதிரி இலைப்பேன்கள் ஓடின. ஆயிரம் வரை எண்ணினேன். நிமிர்ந்தால் கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. காய்ந்த வெயிலில் பெருகும் பேனை ஒரு நல்ல மழை கழுவிவிடும், அவசரப்பட்டு மருந்தடித்தால் பேனைத் தின்னும் பூச்சிகளும் சாகும் என்பாயே.

அப்போது ஒரு கெட்ட புத்தி வந்தது. இப்போதே அடித்துவிட்டால், மழையில் செடி தேறினாலும் பேர் எனக்குத்தானே?

தங்கச்சி வரப்பில் வந்து நின்றாள். "அண்ணே, நீ இன்னா சொல்றியோ அதான். எனக்கு வேற யாரு கீறாங்க?"

அடிக்க வேண்டாம், ரெண்டு நாள் பொறு என்று சொல்லிவிட்டேன். என் சொந்த யோசனை மாதிரிதான் சொன்னேன்.

மறுநாளே மழை, ஒவ்வொரு துளியும் பனங்காய் அளவு. பத்து நாளில் புதுக் கொழுந்து நிமிர்ந்தது. சித்திரையில் முதல் பறிப்பு. பார்க்க வந்தவர்களிடம், மழையை மூக்காலேயே மோந்து சொன்னேன் என்று ஆரம்பித்தேன். காய் பறித்துக்கொண்டிருந்த தங்கச்சி தலை நிமிராமலே சொன்னாள்: "எங்கண்ணன் மருந்த தொறக்காமயே திருப்பி எடுத்துக்கினு போச்சி. எங்கூட்டுக்காரரு பேச்ச கேக்காத ஒரே ஆளு அதுதான். அதுவே கேட்டுச்சு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலா, அழுகையா? நீ உயிரோடு இருந்தபோது ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமோ?

ஒரு வாக்குத் தருகிறேன். ஆடி நடவிலும் உன் செடியை நானே பார்ப்பேன், வானத்தைப் பார்க்காமல் மருந்தைத் தொடமாட்டேன். நன்றாக விளைந்தால் பாதிப் பேர் உனக்கு. பாதிக்கு மேல் கேட்காதே.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மூத்த மச்சான்.