நெயில் பாலிஷ் பூசிய கிராங்க்

1974 மார்ச் 2, சனி
தங்கை மகள் ஓர்னெல்லாவின் பந்தய சைக்கிளுக்கு கிராங்க் செய்து முடித்தேன். பெடலைத் தாங்கும் அலுமினியக் கை. பெடல் முனையில் வரிசையாகத் துளைகள். இரண்டு விளிம்பையும் அரத்தால் இழைத்துக் கத்தி மாதிரி ஆக்கிவிட்டேன். ஆல்ப்ஸுக்கு இந்தப் பக்கம் இதைவிட லேசானது கிடையாது என்று ரீனாவின் பாரில் அறிவித்தாயிற்று.

கறிக்கடை கஸ்தோனே தன் மகனுக்கு ஒன்று செய்கிறான். "தராசுல வெச்சுக் காட்டு அத்தீலியோ. உன் வாயில எல்லாமே லேசுதான்."

அடுத்த ஞாயிறு பந்தயம்; அதற்கு முந்தின நாள் ரீனாவின் பன்றிக்கறித் தராசில் இரண்டையும் நிறுப்போம். நிறுத்ததைத்தான் மறுநாள் மாட்ட வேண்டும். யாருடையது கனமோ அவன் ஏப்ரன் கட்டி, ஈஸ்டர் வரை எல்லாருக்கும் ஒயின் ஊற்ற வேண்டும்.

மார்ச் 3, ஞாயிறு
உறைபனி. பயிற்சி முடிந்து வந்த ஓர்னெல்லா கையுறையைக் கழற்றினாள். நகத்தில் சிவப்புப் பூச்சு வெடித்திருந்தது.

"பிரேக்கை அழுத்தி அழுத்தி இப்படி ஆயிடுது மாமா."

நகம் வளைகிற இடத்தில் மட்டும் வெடிப்பு. அப்படியானால் — அலுமினியத்தில் பூசினால், அது வளைகிற இடமும் தெரியுமே? சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற மூளைக்கே இது உதிக்கிறதென்றால், முழுக்கப் படித்திருந்தால் நாடு தாங்கியிருக்குமா!

மார்ச் 4
ஓர்னெல்லாவின் நெயில் பாலிஷைக் கிராங்கில் பூசிக் காயவிட்டேன். அச்சுப் பக்கத்தைப் பட்டறை மேசையின் வைஸ் இடுக்கியில் கவ்வவிட்டு, பெடல்மேல் என் மனைவி பல்மீராவை ஏறி நிற்கச் சொன்னேன்.

"நான் என்ன உங்க எடைக்கல்லா?"

ஏறினாள். ஒரு கீறல்கூட இல்லை. ஏன்?

மார்ச் 5
பட்டறை அடுப்பு! சூட்டில் பூச்சு இளகிவிடுகிறது. இன்றிரவு கிராங்க் பனியில் கிடக்கட்டும்.

மார்ச் 6, புதன்
பொலெந்தாக் களி கிண்டும் கட்டையும் கையுமாகப் பல்மீரா ஏறினாள். டிக்!

பெடல் முனைத் துளைகளைச் சுற்றி முடி முடியாகக் கோடுகள். விளிம்புகளிலும் கோடுகள், அச்சை நெருங்க நெருங்க அடர்த்தியாக. நடுவில் ஒன்றுமே இல்லை, மொழுமொழு. உழைக்கிற இடத்தைச் சுரண்டிவிட்டு, தூங்குகிற நடுவை அப்படியே விட்டிருக்கிறேனா? ஓர்னெல்லா ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கிறவள். இது முறிந்தால் அவள் முகம் — வேண்டாம், எழுத மாட்டேன்.

மார்ச் 8
புதிதாக ஒன்று. விளிம்பைத் தொடவில்லை. நடுவில் மட்டும் நீளமாக ஒரு வாய்க்கால். பல்மீரா ஏறினாள், குதித்தாள், என் அப்பாவையும் சேர்த்துத் திட்டினாள். கோடு விழவில்லை. ஆனால் பழையதைவிடக் கனம்.

மார்ச் 9, சனி
கஸ்தோனே தன்னுடையதை நிறுத்தான். நல்ல லேசு. என் கோட்டின் இடப்பையில் புதியது, வலப்பையில் பழையது. பழையதை வைத்தால் அவன் காலி. விரல் அதையே தடவிக்கொண்டிருந்தது.

ஓர்னெல்லா பக்கத்தில் வந்து நின்றாள். "எதுல ஏறப்போறேன் மாமா?"

இடப்பையில் கைவிட்டேன்.

"ஆல்ப்ஸே சிரிக்குது அத்தீலியோ!" என்றான் கஸ்தோனே. நெயில் பாலிஷ் கதையைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

"பெண்டாட்டி நகத்துக்குப் பூசுறதை விட்டுட்டு சைக்கிளுக்குப் பூசினானாம்!" கஸ்தோனே இப்படிச் சொன்னதும் பாரே சிரித்து உருண்டது. ரீனா ஏப்ரன் கட்டிவிட்டாள். என்னைப் போல ஒயின் ஊற்ற வெனிஸிலும் ஆள் கிடையாது, அது வேறு விஷயம்.

மார்ச் 10, ஞாயிறு
மூன்றாவதாக வந்தாள். (பாரில் இரண்டாவது என்றிருக்கிறேன்.) கடைசி வளைவில் எழுந்து நின்று மிதித்தாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் கிராங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12
கஸ்தோனே பட்டறைப் பின்வாசலில். செய்தித்தாளில் சுற்றிய அவன் கிராங்க், மனைவியின் நெயில் பாலிஷ்.

"பையன் அடுத்த வாரமும் இதுலதான் ஏறுறான்..." என்று இழுத்தான்.

"இந்த ரோஸ் சரிப்படாது. சிவப்புலதான் கோடு தெரியும். ராத்திரி பனியில போடு, காலையில கொண்டா."

மார்ச் 13
கஸ்தோனேயின் கிராங்க் வைஸில். நான் கூப்பிடுவதற்குள் பல்மீரா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.