கழுவினால் போகும் நீலம்

இன்று காலை உன் பேனாவின் மூடியைக் கழற்றியதும் பன்னீர் மணத்தது. மை மணம் துளிகூட இல்லை. நேற்று மண்டபத்தில் அது பல கை மாறி, கடைசியில் வெற்றிலைத் தாம்பாளத்தில் கிடந்தது. நான்தான் தேடி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பன்னீர் உள்ளே இறங்கியிருந்தால் பேனா முள்ளுக்கு ஆகுமா, உள்ளிருக்கும் ரப்பர் பைக்கு ஆகுமா என்ற கவலையில் தூக்கம் சரியாக இல்லை. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நீ இல்லாததால்தான் இந்தக் கவலையெல்லாம் என் தலையில் வந்து விழுந்தது.

நேற்று உன் மகள் மதிக்குக் கல்யாணம். உன் பேனாவில்தான் கையெழுத்துப் போட்டாள். நீ கேட்டபடியே எல்லாம் நடந்தது. கேட்டபடியே என்றால், ஏறக்குறைய. அதை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மருத்துவமனையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து அந்தப் பேனாவை என் கையில் கொடுத்தாயே, அந்த மத்தியானம் நினைவிருக்கிறது. உனக்குப் பேசவே மூச்சு வாங்கியது. அப்போதும் கேலிக்குக் குறைவில்லை. "மதி கல்யாணத்துல கையெழுத்துக்கு இதைக் குடு. அதுவரைக்கும் நீ வச்சிரு. பயந்துக்கிட்டே இருக்க உன்னை விட்டா ஆள் ஏது?" என்றாய். நான் அழுதுகொண்டிருந்தேன். அந்த அழுகையிலும் என் வாயிலிருந்து வந்த ஒரே கேள்வி, என்ன மை ஊற்றுவது என்பதுதான். நீ கண்ணை மூடிக்கொண்டே, "கடையில கேளுடி" என்றாய். நீ என்னிடம் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான். வேறு ஏதாவது கேட்டிருக்கலாமே என்று இன்றும் தோன்றுகிறது.

ஆனால் என் பயத்துக்குக் காரணமே நீதான். ஜூரோங்கில் அந்தக் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையின் அலுவலகத்தில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தபோது, சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் அதை வாங்கிவந்தாய். எவருடைய பேனாவோ, நாம் பிறப்பதற்கும் முந்தையது. பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல், அதைத் தூக்கி விட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் பை மையை உறிஞ்சிக்கொள்ளும். தங்க முள். உடம்பு கெட்டி ரப்பர், நல்ல கருப்பு. அடுத்த வாரமே கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து மை நிரப்பினாய். பஸ் குலுங்கி உன் மடியிலும் என் புடவையிலும் நீலம். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாய்.

அதோடு விட்டாயா? ஒருநாள் நீல மை தீர்ந்துபோனது என்று, வரைபட அறையில் இருந்த கருப்பு மையை வாங்கி ஊற்றினாய். படம் வரைகிற மை. உள்ளே காய்ந்தால் அரக்கு மாதிரி இறுகிவிடும். மறுநாள் பேனா ஒரு கோடுகூட எழுதவில்லை. ஊறவைக்க வேண்டும், குளிர்ந்த தண்ணீரில், பொறுமையாக என்று நான் எங்கெங்கோ விசாரித்துக்கொண்டு வருவதற்குள் நீ தேத்தண்ணிக்கு வைத்திருந்த கொதிநீரை எடுத்து அதன் தலையில் ஊற்றிவிட்டாய். அடைப்பு என்னவோ விட்டது. ஆனால் அந்தப் பழைய ரப்பர் உடம்புக்குச் சுடுநீர் ஆகாது. கருப்பெல்லாம் போய் மங்கிய பழுப்பாகிவிட்டது. நீ அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நம்ம நிறத்துக்கு வந்திருக்கு" என்றாய்.

அன்றிலிருந்து அது ஒழுக ஆரம்பித்தது. உன் நடுவிரலின் பக்கவாட்டில் எப்போதும் ஒரு நீலத் திட்டு. சோறு பிசையும்போது, மதியைத் தூக்கும்போது, தீபாவளிக்குக் கோலம் போடும்போதுகூட அந்த நீலம் இருக்கும். கை கழுவு என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. "மை தீர்ந்தா ஊத்தலாம், விரல் அழுக்கானா கழுவலாம். நீ ஏன்டி எல்லாத்தையும் மூடி போட்டே வச்சிருக்க?" என்று கேட்பாய்.

நீ போய் இரண்டு வருஷமாக அந்தப் பேனா புக்கிட் மேராவில் என் வீட்டு அலமாரியில் துணிக்கு நடுவே இருந்தது. வெயில் படக்கூடாது, ஈரம் படக்கூடாது. மதி தேதி குறித்ததும் எடுத்துப் பார்த்தேன், ரப்பர் பை பொட்டுக்கடலைபோல நொறுங்கிப்போயிருந்தது. உன்னையே இன்னொரு தடவை தொலைத்துவிட்டதுபோல் இருந்தது. மதிக்குச் சொல்லவே பயம். சொன்னால் அவள், "ஆன்டி, ரிலாக்ஸ் லா. பேனா இல்லன்னா இல்ல" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த நிமிஷமே, "ரிப்பேர் பண்ற கடை ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு நிம்மதி ஏது?

நகரத்தில் ஒரு மாலின் மேல்மாடியில் இருக்கும் பேனாக் கடைக்குப் போனேன். புதுப் பை மாட்டித் தந்தார்கள். பிறகு மை. நீ சொன்னபடி கடையில் கேட்டேன், நன்றாகவே கேட்டேன். அங்கிருந்த சீனப் பெண்ணுக்குப் பொறுமை அதிகம். மினுமினுப்புத் தூள் கலந்த மையைக் காட்டினாள். கல்யாணப் புடவைக்குப் பொருத்தமாக இருந்தது, ஆனால் தூள் உள்ளே தங்கிவிடும் என்று அவளே சொன்னாள். தண்ணீர் பட்டாலும் அழியாத மை இருந்தது. அது காய்ந்தால் அடைத்துக்கொள்ளுமாம். அந்தக் காலத்து அலுவலக மை ஒன்று, எழுதிய பிறகு கருத்துக்கொண்டே போகும், நூறு வருஷம் நிற்கும் என்றாள். ஆனால் அதில் அமிலம் உண்டு, பழைய பேனாவில் விட்டுவைத்தால் உள்ளிருக்கும் உலோகத்தை அரிக்கலாம் என்றாள். அடர்த்தியான சாயம் போட்ட சில மைகள் ரப்பரைப் பிசுபிசுப்பாக்கிவிடும் என்றும் கேள்விப்பட்டிருக்கிறாளாம். கடைசியில் ஒரு சாதாரண நீலத்தை எடுத்துவைத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது. சட்டையில் பட்டாலும் துவைத்தால் போய்விடும், பேனாவுக்கு இதைவிடச் சாதுவான மை கிடையாது என்றாள்.

துவைத்தால் போய்விடும் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிரே வந்தது. எதற்கு எழுதப்போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். சும்மா எழுதத்தான் என்றேன். கல்யாணம் என்று சொன்னால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும், கடையில் நின்று அழ எனக்கு இஷ்டமில்லை. பேனாவைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டேனே, அந்தக் கையெழுத்து என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அங்கிருந்து நேரே லிட்டில் இந்தியா. நான் அண்ணன் என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரர் சந்தனமும் பன்னீரும் வாங்கிவரச் சொல்லியிருந்தார். பன்னீர் பாட்டில் ஒழுகி மைப் பாட்டிலில் பட்டுவிடக்கூடாதே என்று, கடைக்காரரிடம் தனிப்பையில் போட்டுக் கட்டித் தரச் சொன்னேன். பையை இறுக்கி முடிச்சுப் போட்டது வரைக்கும் என் கெட்டிக்காரத்தனம். அதற்கு மேல் புத்தி போகவில்லை.

கல்யாணப் பதிவெல்லாம் இப்போது இணையத்திலேயே முடிந்துவிடுகிறது. மேடையில் வைத்திருந்தது நினைவுக்காகச் சான்றிதழ்போல அச்சடித்த கெட்டி அட்டை. ஆனால் மதிக்கு அதுதான் பெரிது. புக்கிட் பாஞ்சாங்கில் எடுத்திருக்கும் புது வீட்டில் சட்டம் போட்டு மாட்டப்போவதாக, ஆணி அடிக்கும் இடம்வரை குறித்துவைத்திருந்தாள்.

தாலி கட்டி முடிந்ததும் மேசையைக் கொண்டுவந்து போட்டார்கள். நான் பேனாவை இரண்டு கையாலும் நீட்டினேன். மூடியைத் திறந்து, பழைய தாளில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். மதி கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்துக்குக் கீழே வளைத்து ஒரு கோடு இழுப்பாயே, அதேபோல் அவளும் இழுத்தாள். எழுதிவிட்டது. ஒழுகவில்லை, திக்கவில்லை. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக நான் மூச்சை முழுதாக விட்டேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அத்தை பன்னீர்ச் செம்போடு மேடையேறினார். வாசலில் நிற்கவேண்டியவர், பிள்ளைகளை ஆசீர்வதிக்க ஆசைப்பட்டு வந்துவிட்டார். நல்ல மனுஷி, கையும் தாராளம். தலைக்கு மேலே செம்பை உதறினார். நான் எழுந்து கையை நீட்டுவதற்குள் அட்டைமேல் சொட்டுச் சொட்டாக விழுந்துவிட்டது.

அவ்வளவு சாதுவான மை. ஒரு நொடிகூட எதிர்த்து நிற்கவில்லை. மதியின் பெயர் நடுவில் கரைந்து நீலக் குளமாகப் பரவியது. அவள் பதறிப்போய் விரலால் ஒற்றினாள், இன்னும் கலைந்தது. அத்தை செம்பைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நாதஸ்வரம்கூட நின்றுவிட்டதாக எனக்குத் தோன்றியது. அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்து நீட்டினார். நான் பாவி, நீ கேட்ட ஒரே காரியத்தைக் கெடுத்துவிட்டேன். மேடையைவிட்டு இறங்கி எங்கேயாவது போய்விடலாமா என்றிருந்தது.

மதி அட்டையைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாணி போட்ட நடுவிரலின் பக்கவாட்டில் நீலம். சரியாக அதே இடம்.

"ஆன்டி," என்றாள். "அம்மா விரல்."

அண்ணன் அதைப் பார்த்தார். பால்பாயிண்டைத் திரும்பப் பைக்குள் செருகிக்கொண்டார். செருகத் தெரியாமல் இரண்டு முறை தவறியது. யாரோ ஈரத்தாள் கொண்டுவந்து மதியின் கையைத் துடைக்கப் போனார்கள், அவள் கையை இழுத்துக்கொண்டாள். அட்டை கொஞ்சம் காய்ந்ததும் கலைந்த பெயருக்குக் கீழேயே உன் பேனாவால் இன்னொரு முறை எழுதினாள். மாப்பிள்ளை தன் உள்ளங்கையைக் குடைபோல அதன்மேல் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல பையன், உனக்குப் பிடித்திருக்கும்.

கிளம்பும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். வேறு அட்டை அச்சடித்துத் தருகிறேன், வேறு மை பார்க்கிறேன் என்றேன். "வேணாம் ஆன்டி. இதைத்தான் ஃப்ரேம் பண்ணப்போறேன்" என்றாள். வெயில் பட்டால் இந்த நீலம் வெளுத்துவிடும், பால்கனிப் பக்கச் சுவரில் மாட்டாதே என்று சொன்னேன். சிரித்தாள். பேனாவை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "நீங்களே வச்சிருங்க. பயப்படத்தான் அம்மா உங்களை வச்சிட்டுப் போயிருக்காங்க" என்றாள். நீ அவளிடமும் சொல்லிவைத்திருக்கிறாய்.

இன்று காலை குளிர்ந்த தண்ணீரில்தான் கழுவினேன். நெம்புகோலை மெதுவாகத் தூக்கி, தண்ணீர் வெளுக்கும்வரை. பன்னீர் மணம் மூடிக்குள் மட்டும் கொஞ்சம் தங்கியிருக்கிறது. முள்ளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அதே சாதுவான நீலத்தைத்தான் நிரப்பினேன், வேறு எதையும் ஊற்ற எனக்குத் தைரியம் கிடையாது. அதில்தான் இதை எழுதுகிறேன். எழுத எழுதப் பேனாவின் கழுத்துப் பக்கம் கசிகிறது. துடைத்துத் துடைத்து வைத்தும் என் நடுவிரலிலும் நீலம் ஏறிவிட்டது.

மத்தியானம் சாப்பிட்ட பாத்திரமெல்லாம் சிங்க்கில் கிடக்கிறது. சோப்பு பட்டால் ஒரு நிமிஷத்தில் போய்விடும் மை இது. அலமாரிக்கு அடியில் ரப்பர் கையுறை இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டுதான் கழுவப்போகிறேன்.