இடம் மாறிய கயிறு

என் அக்காவுக்கு,

நீ தூங்குகிறாய். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே.

காட்டில் தரையோடு கட்டியிருந்த அந்தக் குருவிக்கூட்டை முதலில் பார்த்தது நான்தான். ஆனால் காட்டைப் பார்த்துக்கொள்ளும் நம் ஊர்க் குழு கூட்டின் காவலை உனக்குக் கொடுத்தது. நீ உன் புதுத் தோழியைக் கூட்டிப் போனாய். "வாலு, நீ வந்தா முட்டையே ஓடிப்போயிடும்" என்று அவள் சொன்னபோது நீயும் சிரித்தாய். எனக்கு வயிறு எரிந்தது.

கூட்டுக்குப் போகும் பாதையை மறித்து நீங்கள் கட்டிய கயிற்றை இன்று அவிழ்த்து, பக்கத்துப் பாதையில் கட்டிவிட்டேன். தப்பான இடத்தில் கட்டியதாக அவள் திட்டு வாங்கட்டும் என்றுதான். நாளை ஞாயிறு என்பது இப்போதுதான் உறைத்தது. விடிந்ததும் நாய்களோடு நடக்க வருபவர்கள் முட்டைகளை மிதித்துவிடுவார்கள். கயிற்றைத் திரும்பக் கட்ட இருட்டில் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தின் மேல் அலாரத்தை வைக்கிறேன். ஐந்து மணிக்கு அடிக்கும். என்னை அடி, ஆனால் கூட வா. அவளை மட்டும் கூப்பிடாதே.

உன் ஒரே தங்கை