வெர்னா சொல்லவிருந்த வாக்கியம்

சிஷோம், மினசோட்டா
21 ஜூன் 1982

அன்புள்ள வெர்னா,

போன் செய்தால் வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை மாநாட்டில் எட்டாவது சுற்றில், உன்னைவிட வெறும் ஐந்து ஓட்டு கூடுதலாக வாங்கியதால் கட்சி என்னை மாநில செனட் வேட்பாளராக்கியது. தோற்றவர் மேடையேறி, "ஒருமனதாக ஏற்போம்" என்று முன்மொழிவதுதானே நம் வழக்கம்? நீ விருட்டென்று போய்விட்டாய். செப்டம்பரில் நடக்கும் உட்கட்சித் தேர்தலிலும் என்னை எதிர்த்து நிற்பாயாமே? நாம் அடித்துக்கொண்டால் நவம்பரில் எதிர்க்கட்சிக்காரன் உட்கார்ந்த இடத்திலேயே ஜெயிப்பான். விட்டுக்கொடேன்.

நேற்று ரூபார்ப் தண்டு வைத்து இனிப்புப் பை சுட்டேன். குறை சொல்ல நீ இல்லாமல் ருசிக்கவே இல்லை.

உன்,
மார்லிஸ்


ஹிப்பிங்
26 ஜூன்

மார்லிஸ்,

மேடைக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். எனக்கு ஓட்டுப் போட்ட சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக நின்று அழுதன. ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டு, "விடுங்க, அவளும் நம்ம ஆளுதான்" என்று தேற்றிவிட்டு வர நேரமாகாதா? படியில் கால் வைக்கிறேன், உன் ஆள் ரஸ்ஸல் மைக்கைப் பிடித்து, "வெர்னா சார்புல நானே முன்மொழியறேன்" என்கிறான். கூடமே கைதட்டியது. நீயும் தட்டினாய்.

தோற்றவளுக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அதை எப்போது சொல்வதென்று ஜெயித்தவர்களின் அவசரமா முடிவு செய்வது? எங்கள் ஆட்கள் அழுது முடிக்க வேண்டாமா?

ஜூலை இருபதாம் தேதிக்குள் உட்கட்சித் தேர்தலுக்கு மனு போடப்போகிறேன்.

வெர்னா


சிஷோம்
30 ஜூன்

என் வெர்னா,

மறைக்காமல் சொல்கிறேன். ரஸ்ஸல் என்னிடம், "அவங்க கிளம்பிட்டாங்க போல, நானே சொல்லிடட்டா?" என்று கேட்டான். தலையாட்டினேன். முப்பது வருடமாக எந்தக் கூட்டத்திலும் முதலில் உன்னைத்தான் தேடுவேன். அன்று தேடவில்லை.

மன்னித்துவிடு. மனு போடு, போடாமல் இரு, அது உன் இஷ்டம். ஞாயிறு காபிக்கு மட்டும் வந்துவிடு. வீடு வெறிச்சென்று இருக்கிறது.

மார்லிஸ்


ஹிப்பிங்
12 ஜூலை

அன்புள்ள மார்லிஸ்,

மனு போடவில்லை. என் ஆட்கள் அழுது ஓய்ந்துவிட்டார்கள். சுரங்கத் தொழிற்சங்கத்து ஐனோகூட, "பல்லைக் கடிச்சிக்கிட்டாவது அவளுக்கே போடுறோம்" என்கிறான். அவன் சொன்னால் சுரங்கத்தெரு முழுக்க உனக்குத்தான்.

சனிக்கிழமை கட்சிப் பிக்னிக்கில் அந்த வாக்கியத்தை நானே சொல்கிறேன். ரஸ்ஸலை மைக் பக்கம் விடாதே.

காபிக்கு வரமாட்டேன். உன் வீட்டுத் திருப்பம் வந்தால் என் கை தானாக இண்டிகேட்டரைப் போடுகிறது. அணைத்துவிட்டு நேராகப் போகிறேன். நீ தலையாட்டியதைத் தாண்டி என்னால் இன்னும் வர முடியவில்லை.

பேசி முடித்து, உன் கையைத் தூக்கிப் பிடித்துவிட்டு நேரே காருக்குப் போவேன். பின்னாலிருந்து கூப்பிடாதே, மார்லிஸ். கூப்பிட்டால் நின்றுவிடுவேன்.

வெர்னா