சோப்புப் போட்ட ட்யூப்கள்

மார்ச் 3

சின்ன டாக்டரம்மாவுக்கு, ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடி கழுவிய அண்ணன் சொல்ல, எதிர்வீட்டுத் தையல்காரர் எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறதா? பேராசிரியர் இறந்த துக்கத்துக்குப் போனபோது அவர் வீட்டில் உங்கள் விலாசம் கிடைத்தது.

பெரிய பாலம் இடிந்து நாற்பது நாள் பஸ் ஓடாமல் கிடந்த வருஷம் நினைவிருக்கிறதா? நம் கட்டடத்துக்கு லிஃப்ட் வந்ததும் அப்போதுதான். உங்கள் சோதனையைப் பார்க்க வெளியிலிருந்து பெரியவர்கள் வருவதாக இருந்தது.

"நரம்பு நுனியில கொழுப்பாலான மெல்லிசுத் தோல் இருக்குண்ணே. புரதம் அதைப் பிடிச்சு வளைச்சு, கழுத்தைக் கிள்ளிக் குட்டிக் குமிழியாக்கும். அதுக்குள்ளதான் அடுத்த நரம்புக்குப் போற சேதி இருக்கு. அதை நான் ட்யூபுலயே செஞ்சு காட்டப்போறேன்" என்றீர்கள்.

"குமிழி விடவா இவ்வளவு படிப்பு?" என்றேன். சிரித்தீர்கள்.

வெந்நீரும் ஸ்பிரிட்டும் தவிர வேறெதுவும் அந்த ட்யூப்களில் படக்கூடாது என்பது சட்டம். கொழுப்பு வாடை போகவில்லையே, உங்கள் ட்யூப் பளபளக்கட்டுமே என்று நான் சோப்புப் போட்டேன். சரியாக அலசவும் இல்லை. சோப்பு அந்தத் தோலையே கரைத்துவிடுமாம். ஒரு குமிழிகூட வரவில்லை. "உன் கை சரியில்லை" என்றார் பேராசிரியர் உங்களைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால். நீங்கள் வேலையை விட்டே போய்விட்டீர்கள்.

உங்கள் கையில் கோளாறு எதுவும் இல்லை அம்மா. சோப்பு என்னுடையது.

(கைநாட்டு)


ஏப்ரல் 19

அண்ணே,

கடிதத்தை நின்றபடியே படித்தேன். அந்தச் சோதனைக்குப் பிறகு நான் எந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கும் போகவில்லை. முப்பத்தோரு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடிக்கிறேன். சமையலில் உப்புப் போடக்கூட இந்தக் கையை நம்பாமல் இரண்டு தடவை அளக்கிறேன். சாப்பிட வேறு யாரும் இல்லை, நான்தான்.

தெரியாமல் செய்ததற்குக் கோபமில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள். சோப்புதான் காரணமென்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? மறந்துபோச்சுன்னு சொல்லாதீங்க. உங்களுக்கு எதுவும் மறக்காது.

சின்ன டாக்டர் (இப்போது டீச்சர்)


மே 2

டாக்டரம்மாவுக்கு,

நீங்கள் கிளம்பிய அன்று காலையிலேயே தெரியும். நம் ஆராய்ச்சிக்கூடத்தில் மெஷின் ஓட்டிய மூக்குக்கண்ணாடிக்காரர் தொட்டியோரம் சோப்பைப் பார்த்துவிட்டார். "அடப்பாவி, இதையா போட்ட? வாயத் திறக்காத, வேலை போயிடும்" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து உங்கள் நீலப் பெட்டியை நான்தான் வாசல்வரை தூக்கிவந்தேன். கைப்பிடி அறுந்து சணல் கட்டியிருந்தது. "வரேண்ணே" என்றீர்கள். சோப்பு விஷயம் வாய்வரை வந்தது. "பாத்துப் போங்க" என்றேன்.

இந்த இடத்தில் தையல்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எழுதுய்யா" என்றேன்.

மூக்குக்கண்ணாடிக்காரர் பாலத்தைத் திரும்பக் கட்டி முடித்த வருஷமே இறந்துவிட்டார். பேராசிரியர் கதை உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரி போய் இரண்டு வருஷமாகிறது. அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை. அந்த அறையில் இருந்தவர்களில், என்னைத் திட்டுவதற்கென்று உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.