என் சதையே வயர்

ஜார்ஜ்டவுன்
20.1.1997

அன்பு மஹ்பூபாவுக்கு, ஸலாம்.

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போலிருக்கும். வலது கை இருந்தபோதும் அப்படித்தான் என்று நீ முணுமுணுப்பது ஃபெரி ஏறிக் கடல் தாண்டி இங்கே வரை கேட்கிறது. உன் அக்கா ஹாஜரா இதை உனக்கு முன்னே பிரித்திருப்பார். அவருக்கும் ஸலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புக்கிட் தெங்கா பேக்டரி மெஷின் தின்ற கைக்கு மாற்றுக் கை கிடைத்துவிட்டது, புள்ள! கெலுகோரில் ஜெயலெட்சுமி மிஸ் என்ற ஆராய்ச்சிக்காரர் செய்கிறார். தோளில் ஒரு பட்டை. தோள் தசையைச் சுருக்கினால் சிக்னல் கிளம்பி, உடம்பு வழியாகவே இறங்கி, ரப்பர் விரல்களை மூடுகிறது. வயரே கிடையாது, என் சதையே வயர். ஐம்பத்திரண்டு வருஷம் சோறு போட்டு வளர்த்த சதை இப்போதுதான் முதல் தடவையாக வேலை செய்கிறது. நேற்று நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை நானே எடுத்தேன். முதல் இரண்டும் பக்கத்து வீட்டு அப்துல் அஜீஸ் அண்ணன் சட்டையில். மூன்றாவது வாய்க்கு வந்தது.

நீ அக்கா வீட்டுக்குப் போய் ஏழு மாதம். வீட்டில் என்னோடு பேசுவது ரேடியோ மட்டும்தான். பெருநாளைக்கு வா. கெஞ்சுகிறேன்.

உன் சுல்தான்

கெப்பாலா பத்தாஸ்
28.1.1997

மச்சானுக்கு, ஸலாம்.

அக்கா பிரிக்கவில்லை. நானே படித்துக் காட்டினேன், சிரித்தார்.

கை கிடைத்ததில் சந்தோஷம். பெருநாள் காலையில் வருகிறேன். எப்போதும் போல உங்கள் கையைப் பிடித்து முத்தி, மன்னிப்புக் கேட்பேன். கை போன நாளிலிருந்து நீங்கள் என்னைத் தொடவிட்டதில்லை. அன்றைக்குத் தொடவிட்டால் தங்கிவிடுவேன். பெட்டியோடுதான் வருவேன்.

மஹ்பூபா

ஜார்ஜ்டவுன்
12.2.1997

மஹ்பூபா,

பெட்டியோடு நீ ஃபெரிக்கு ஓடிய வேகத்தில் என் பேச்சு உன் காதில் ஏறவில்லை. இப்போதாவது கேள்.

பட்டை மாட்டியிருக்கும்போது யாரும் என்னைத் தொடக் கூடாது என்பது மிஸ்ஸின் கட்டளை. தொட்டால் சிக்னலில் பாதி அவர்கள் உடம்புக்குப் போய்விடும்; கை பிடியை விட்டுவிடும். இதை உனக்கு எழுதாமல் மறைத்தேன். நிஜக் கை போலவே காட்டி உன்னை அசத்த வேண்டும் என்ற கொழுப்பு.

நீ குனிந்து என் இடது கையைப் பிடித்தபோது, ரப்பர் கையில் கொதிக்கிற தேநீர்க் கெட்டில். உன் தலைக்கு நேர் மேலே! "தொடாதே! தள்ளிப் போ!" என்று கத்திவிட்டேன். பதினைந்து விருந்தாளிகள் முன்னால். "என்னடா சுல்தான், பெருநாளும் அதுவுமா? உன் பொண்டாட்டிலா!" என்றார் அஜீஸ் அண்ணன். என் பக்கம் இழுத்ததில் கெட்டில் என் காலில்தான் விழுந்தது. எனக்கு நன்றாக வேண்டும்.

தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை. ஜோக் அடிக்கிறேனே என்று பார்க்காதே, அதை நிறுத்தினால் அழுதுவிடுவேன். நாளைக்கே கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மொட்டைக் கையோடு உன் அக்கா வாசலில் வந்து நிற்கிறேன். அல்லாவுக்காக ஒரு வரி எழுது.

சுல்தான்

கெப்பாலா பத்தாஸ்
21.2.1997

மச்சானுக்கு, ஸலாம்.

என்னைக் காப்பாற்றத்தான் கத்தினீர்கள். அது எனக்கு அங்கேயே தெரியும். அதற்காக நான் போகவில்லை.

கெட்டில் விழுந்த பிறகு, உங்கள் வெந்த காலில் ஊற்றத் தண்ணீர் கொண்டுவந்தேன். அப்போதும் "தொடாதே" என்றீர்கள். கையையும் பட்டையையும் அஜீஸ் அண்ணன் அதற்குள் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

வர வேண்டாம். கையைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். அந்தப் பழியும் என் தலையில்தான் விழும். கால் புண்ணை ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டையின் கொக்கி முதுகுப் பக்கம் இருக்கிறது. தினமும் மாட்டிவிட வர வேண்டியிருக்கிறது என்று அஜீஸ் அண்ணன் அன்றைக்குச் சொன்னார். முன்பக்கமாக வைத்துத் தரும்படி மிஸ்ஸிடம் கேளுங்கள். யாரும் தொடாமல் நீங்களே மாட்டிக்கொள்ளலாம்.

மஹ்பூபா