மொட்டை மாடியில் உங்கள் துண்டு

என் அன்பு வாத்தியாரே,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. சாந்தோமில் எல்லாம் அப்படியே இருக்கிறது. மயிலாப்பூர் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டியதை இன்னும் மூடின பாடில்லை. உங்களிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதற்கு முன்னால் நம் பழைய சண்டையைக் கொஞ்சம் கிளற வேண்டும்.

மற்ற வீடுகளில் மாமியாரை வைத்துச் சண்டை வரும். நம் வீட்டில் ஏரோப்ளேனை வைத்து வந்தது. பிசிக்ஸ் வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் அப்படித்தான். சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணனும் தம்பியும் முதன்முதலில் பறந்த தூரம் நம் தெருவில் பாதிகூட இருக்காது என்று, காபி ஆறிப்போகும்வரை சொல்வீர்கள். இது விளையாட்டுச் சாமான், பட்டாளத்துக்கு உதவாது என்று பெரிய தளபதிகளே கைவிரித்தார்களாம். பறந்தவர்களோ வேறு கனவு கண்டார்களாம். மேலே இருந்து எல்லாம் தெரிந்துவிடும், படையை ஒளித்துவைக்க முடியாது, அதனால் இனி யுத்தமே வராது என்று.

"ஒளிஞ்சு நிக்கிறவன் தெரிஞ்சா, மேலேருந்து கல்லைத் தூக்கிப் போடத் தோணாதா?" என்று நான் கேட்டேன். சில வருஷத்திலேயே குண்டு போட்டார்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து மெட்ராஸ் காலியானபோது என் அம்மா கைக்குழந்தை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் வேறெப்படிப் பேசுவேன்?

நீங்கள் விடவில்லை. நம் ஷீலா வேலைக்காக வளைகுடாவுக்குக் கிளம்பிய அன்று சொன்னீர்கள்: "பாரு ரோஸி, ப்ளேன்ல முதல்ல தபால் மூட்டை போச்சு, இப்ப நம்ம பொண்ணு போறா. எல்லார் வீட்டுப் பிள்ளையும் எல்லார் ஊர்லயும் இருந்தா, யார் தலையில யார் குண்டு போடுவான்?"

அப்புறம் அவள் லீவில் வரும்போதெல்லாம் வெள்ளைத் துண்டோடு மாடிக்கு ஏறிவிடுவீர்கள். கடல் பக்கமிருந்து தாழ வரும் விமானங்களில் எது அவளுடையது என்று தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஆட்டுவீர்கள். "இன்னா சார், கொடி காட்டி எறக்கினு கீறியா?" என்று கீழ்வீட்டு ஆட்டோக்காரர் மாணிக்கம் கிண்டலடிப்பார். வீட்டுக்கு வந்ததும் ஷீலா, "துண்டைப் பார்த்தேம்ப்பா" என்பாள். அந்த வேகத்தில் ஒரு துண்டு கண்ணுக்குத் தெரியுமா? பிசிக்ஸ் வாத்தியார், அதையும் நம்பினீர்களே!

சேதிக்கு வருகிறேன். உங்கள் வருஷப் பூசைக்கு ஷீலா வருவதாக இருந்தது. அதற்குள் அங்கே பக்கத்து நாடுகளுக்குள் சண்டை மூண்டுவிட்டது. "அம்மா, வானத்தையே மூடிட்டாங்க. ஒரு ஃப்ளைட்டும் கிடையாது. மேல என்னமோ போகுது, ஜன்னலெல்லாம் அதிருது" என்று போனில் சொன்னாள். நம் வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது. இந்த வெற்றி யாருக்கு வேண்டும்? உங்கள் படத்தின் முன்னால் நின்று, "நீங்க சொன்னதே சரியா இருந்துட்டுப் போகட்டும், பொண்ணு வந்தா போதும்" என்று வாய்விட்டு அழுதேன்.

பூசையைத் தள்ளிவைக்கலாமா என்று பங்குச்சாமியார் கேட்டார். வேண்டாம் என்றேன். பெஞ்சில் அவள் உட்கார வேண்டிய இடத்தில் என் கைப்பையை வைத்துக்கொண்டு பூசை கண்டேன். வெளியே வந்து போனைப் பார்த்தால் அவளிடமிருந்து ஒரு வரி: வானத்தைக் கொஞ்ச நேரம் திறந்திருக்கிறார்கள், நடு சீட்டு கிடைத்தது, ஏறிவிட்டேன்.

சாயங்காலம் துண்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். முட்டிவலியெல்லாம் எங்கே போனதோ. வந்த விமானத்துக்கெல்லாம் ஆட்டினேன். மாணிக்கம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார். இந்த முறை கிண்டல் இல்லை.

"நல்லா தூக்கி ஆட்டும்மா. சாரு இன்னும் ஒசரமா ஆட்டுவாரு" என்றார்.

இருட்டும் நேரத்தில் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. ஷீலா என்னைக் கட்டிக்கொண்டு, "துண்டைப் பார்த்தேம்மா" என்றாள்.

நடு சீட்டிலிருந்து! நம்பிவிட்டேன், வாத்தியாரே.

அடுத்த மாதம் திரும்பிப் போகிறாள். அங்கே சண்டை ஓய்ந்துவிட்டதா, மூச்சு வாங்கிக்கொள்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் சொன்ன காலம் எப்போதுதான் வரும்? அது வரும்வரை, அவள் வரும் ஒவ்வொரு தடவையும் நான் மாடியில் நிற்பேன். துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

இந்த ஒரு சண்டையில் மட்டும் உங்களிடம் தோற்கக் காத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி,
ரோஸி